பலகையில் இல்லாத பெயர்

வேலை செய்யும் இடத்தில் என் மனைவிக்கு 'நாலுமூலை' என்று பெயர். முதுகுக்குப் பின்னால் சொல்லும் பெயர் இல்லை. நேருக்கு நேராகவே "நாலுமூலை அக்கா, கொஞ்சம் வாங்க" என்பார்கள், இவளும் "என்ன?" என்று திரும்புவாள். நாங்கள் இருவரும் இருப்பது ஒரு பெரிய சலவைக்கூடத்தில். ஆஸ்பத்திரியின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் தியேட்டரின் பச்சைத் துணி எல்லாம் எங்களிடம் அழுக்காக வந்து சுத்தமாகத் திரும்பிப் போகும். கொண்டுவந்து கொண்டுபோகிற வேனை ஓட்டுவது நான். அவள் இருபத்தொரு வயதில் அங்கே மடிப்பு மேசைக்கு வந்தவள். பக்கத்தில் நிற்பவர் ஒரு விரிப்பை மடித்து வைத்தால் போதும், எட்டிப் பார்த்து, "நாலு மூலையும் சேருதா?" என்று கேட்பாள். சேராது. பிரித்து மறுபடி மடிக்க வைப்பாள். பெயர் அப்படி வந்தது.

என்னிடம் அவள் பேசிய முதல் பேச்சும் ஒரு கேள்விதான். வேனில் நான் ஏற்றியிருந்த கட்டுகளைப் பார்த்து, "இது அடுக்கினதா, கொட்டினதா?" என்றாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த வருடம் கல்யாணம். அந்தக் கோபம் எங்கே போனது என்று இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.

பன்னிரண்டு வருடம் மடிப்பு மேசையில் நின்றாள். போன வருடம் எங்கள் சூப்பர்வைசர் வேலையை விட்டுவிட்டு மகன் வீட்டோடு போய்விட்டார். அடுத்தது யார் என்று முடிவு செய்ய முதலாளி கூடத்துக்குள் வந்து ஒரு மணி நேரம் சும்மா நின்றார். மெஷின் நின்றாலும் கணக்கு உதைத்தாலும் ஆட்கள் யாரிடம் போகிறார்கள் என்று பார்த்தார். எல்லோரும் நாலுமூலையிடம்தான் போனார்கள். "மூணு மாசம் நீங்க பாருங்கம்மா. சரியா வந்தா நிரந்தரம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டது, "அங்க உங்கள எப்படிங்க கூப்பிடறது?" என்றுதான். வீட்டில் நான் 'ஏங்க'. எல்லோர் முன்னாலும் 'ஏங்க, வண்டிய எடுங்க' என்றால் கூடம் முழுக்கச் சிரிக்கும். கடைசியில் 'டிரைவர்' என்று முடிவானது. முதல் நாள் அவள் "டிரைவர்!" என்று கூப்பிட்டபோது வேறு யாரையோ கூப்பிடுகிறாள் என்று நான் பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தேன். மறுநாளிலிருந்து பழகிவிட்டது. மாலையில் வேனின் முன் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தியதும் 'ஏங்க' திரும்பி வந்துவிடும்.

இனி கறை அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையில் போகப் பார்த்தவர் அவர்தான். ஐம்பது தாண்டிய ஒல்லியான மனிதர். கூடத்தின் மூலையில் ஜன்னலோரம் அவருக்கு ஒரு மேசை, ஒரு தொட்டி, பதினைந்து பாட்டில்கள், பல் தேய்ப்பதிலிருந்து தரை தேய்ப்பது வரைக்குமான பிரஷ்கள். மெஷின் கைவிட்ட துணியெல்லாம் அவரிடம் வரும். ரத்தக்கறைக்கு வெந்நீர் காட்டினால் ஜென்மத்துக்கும் போகாது, பச்சைத்தண்ணீர்தான் என்பார். ஐயோடினுக்கு ஒன்று, பேனா மைக்கு ஒன்று, துருவுக்கு ஒன்று என்று தனித்தனி வைத்தியம். பதினேழு வருடமாக அந்த ஜன்னலைப் பார்த்தே நிற்கிறார். கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் மணப்பெண்ணின் முகத்தைப் பார்க்கும் முன் மேசை விரிப்பைப் பார்ப்பார்.

நாலுமூலை பதவிக்கு வந்த இரண்டாவது மாதம், முதலாளிக்கு ஒரு யோசனை தோன்றியது. எல்லோருக்கும் ஊக்கம் வர வேண்டும் என்று ஒரு பயிற்சியாளரைக் கூட்டிவந்தார். கழுத்தில் டை, காதோரம் மைக். இஸ்திரி உருளைக்குப் பக்கத்திலிருந்து வியர்வையோடு வந்த எங்களை வட்டமாக நிறுத்தி, கைதட்டச் சொல்லி, "நான் ஒரு சிங்கம்!" என்று மூன்று முறை கத்தச் சொன்னார். கத்தினோம். கறை அண்ணன் மட்டும் கையைத் தூக்கி, "சார், சிங்கம் எப்ப சார் துணி துவைச்சுது?" என்று கேட்டார். முதலாளியே சிரித்துவிட்டார். பயிற்சியாளர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் போகும்போது ஆள் ஒரு வேலை செய்துவிட்டுத்தான் போனார். "ஒரு பலகை வைங்க சார். யார் எத்தனை துணின்னு தினமும் எழுதுங்க. அதிகம் செஞ்சவங்க மேல, குறைவா செஞ்சவங்க கீழ. தானா ஓடுவாங்க" என்றார்.

பலகை வந்தது. உண்மையிலேயே ஓடினார்கள், எதற்கு என்றால் தலையணை உறைக்கு. விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும், உறையை ஒரு கையால் மடித்துவிடலாம், பலகையில் இரண்டும் ஒன்றுதான். காலை எட்டு மணிக்கு உறைத் தள்ளுவண்டி உள்ளே வந்தால் கூடமே அதன் மேல் விழும். பதினொரு மணிக்கு ஓர் உறை இருக்காது, விரிப்புகள் மலையாகக் கிடக்கும். அக்கா தங்கை என்று பழகியவர்கள் 'அந்தக் கட்ட நான் முதல்ல பார்த்தேன்' என்று முறைத்துக்கொண்டார்கள்.

கறை அண்ணன் எப்போதும் கடைசி. ஒரு கறைக்கு அரை மணி நேரம் நின்றால் எண்ணிக்கை எங்கிருந்து வரும்? மடிப்பில் இருப்பவர்கள் நானூறு, நானூற்றைம்பது. அவர் முப்பத்திரண்டு. கடைசிப் பெயரைச் சிவப்பில் எழுத வேண்டும் என்பது பயிற்சியாளரின் ஏற்பாடு. தினமும் சிவப்பில் அவர் பெயர். என் மனைவிக்குப் பொறுக்கவில்லை. முதலாளியிடம் போய்ச் சொன்னாள். அவர், "எல்லாருக்கும் ஒரே சட்டம்தானேம்மா" என்றார். இவள் புதியவள், மூன்று மாதத் தவணையில் இருப்பவள், அதற்கு மேல் வாதாடத் தைரியம் இல்லை. ஒரு வியாழக்கிழமை காலை எல்லோருக்கும் முன்னால் போய், அவர் பெயரைப் பலகையிலிருந்து அழித்துவிட்டாள். சிவப்பும் இல்லை, பெயரும் இல்லை. நல்லது செய்தோம் என்ற திருப்தியோடு என்னிடம் வந்து சொன்னாள். நானும் "சரியான வேலை செஞ்ச" என்றேன். என் புத்தியும் அவ்வளவுதான்.

அவர் வந்தார், சட்டையை மாற்றினார், போகிற வழியில் பலகையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மேசைக்குப் போய்விட்டார். மறுநாள் நாலுமூலையிடம் ஒரு காகிதம் வந்தது. சொந்தக் காரணங்களால் இந்த மாதக் கடைசியோடு வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று ஒரே வரி.

"அண்ணே, என்னண்ணே இது? எதாச்சும் பிரச்சினையா?"

"ஒண்ணுமில்ல மேடம். உடம்பு முடியல."

பன்னிரண்டு வருடமாக அவளை 'ம்மா' என்று கூப்பிட்டவர். அந்த 'மேடம்' அவளைப் பளார் என்று அறைந்தது. அன்று வேனில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகும் 'ஏங்க' வரவில்லை. பாதி வழியில்தான் வாயைத் திறந்தாள். "அவர் போனா நான் அந்த நாற்காலியில உட்கார மாட்டேங்க. மடிப்புக்கே திரும்பிடுவேன். பதினேழு வருஷம் இருந்த மனுஷன் நான் வந்த மூணாவது மாசம் போறார்னா, நான் எதுக்கு சூப்பர்வைசர்?"

சொன்னால் செய்துவிடுவாள் என்று எனக்குத் தெரியும். அதனால் நானும் யோசனை சொல்ல ஆரம்பித்தேன். சம்பளம் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்றேன். முதலாளியிடம் பேசி அதற்கும் ஒப்புதல் வாங்கி வந்தாள். கறை அண்ணன் கேட்டுவிட்டு, "வேற யாருக்காவது குடுங்க மேடம், பிள்ளைகுட்டிக்காரங்க இருக்காங்க" என்றார். கால் வலியோ என்று முதுகு சாயும் நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டாள். நன்றி சொல்லி அதில் பாட்டில்களை அடுக்கி வைத்துக்கொண்டார். முதலாளி தன் பங்குக்கு, 'சிறந்த ஊழியர்' என்று கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்றை எல்லோரையும் நிற்கவைத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டவர் கண்ணாடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, "விரல் ரேகை இருக்கு சார்" என்று துடைத்துவிட்டு, ஆபீஸ் மேசையிலேயே வைத்துவிட்டு வந்தார்.

நாட்கள் போய்க்கொண்டிருந்தன. மாதக் கடைசிக்கு இன்னும் பதினெட்டு நாள் என்ற நிலையில், மடிப்பு மேசையில் ஒரு பெண் காய்ச்சலில் படுத்துவிட்டாள். ஆள் போதவில்லை என்று நாலுமூலை தானே போய் அந்த இடத்தில் நின்றாள். ஆறாவதோ ஏழாவதோ விரிப்பில், ஓரத்தில், உள்ளங்கை அளவு பழுப்புக் கறை. அவள் கால் தானாகத் திரும்பியது. பன்னிரண்டு வருடப் பழக்கம். கறை தெரிந்தால் துணியைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோர மேசைக்குப் போய், "அண்ணே, இது போகுமா?" என்று கேட்க வேண்டும். அவர் வெளிச்சத்தில் பிடிப்பார், முகர்ந்து பார்ப்பார், ஈரவிரலால் தடவுவார். "இது டீ. போகும்" என்பார். இல்லாவிட்டால், "இது மருந்து, நாலு நாள் பழசு. கஷ்டம். ஆனா பார்க்கலாம்" என்பார். கேட்டவரும் அந்த ஒரு நிமிடம் பக்கத்தில் நின்று பார்ப்பார். எந்தக் கறை எப்படி வந்தது என்று அவர் ஒரு கதையே சொல்வார், பாதி கற்பனையாகத்தான் இருக்கும்.

இரண்டடி வைத்தாள். "அக்கா, எங்க போறீங்க? சிவப்புக் கூடையில போடுங்க, நேரம் போகுது!" என்று பக்கத்து மேசையிலிருந்து குரல் வந்தது. பார்த்தால், ஒவ்வொரு மேசைக்கடியிலும் ஒரு சிவப்புக் கூடை. பலகை வந்த பிறகு, நடந்தால் எண்ணிக்கை குறையும் என்று அவர்களாகவே செய்துகொண்ட ஏற்பாடு. கறைத் துணியைக் கூடையில் எறிய வேண்டியது, சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் தள்ளிக்கொண்டுபோய் அவர் மேசைப் பக்கம் கவிழ்த்துவிட்டு வர வேண்டியது. ஒரு மாதத்துக்கு மேலாக அவரிடம் ஒருவரும் 'இது போகுமா?' என்று கேட்கவில்லை. இது தன் கண்ணிலேயே படவில்லையே என்று அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

துணியோடு நேராக ஜன்னலோரம் போய், "அண்ணே, இது போகுமா?" என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். துணியை வாங்கவில்லை. "கூடையில போட்டா வந்து சேருமே, மேடம்" என்றார்.

"கூடைக்குப் பதில் சொல்லத் தெரியாதுண்ணே."

ஈரக்கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "காப்பி. சக்கரை ஜாஸ்தி. டாக்டர் ரவுண்ட்ஸ் வர்ற சத்தம் கேட்டு அவசரத்துல எழுந்திருக்காரு நோயாளி" என்றார். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அந்த விரிப்பை அவர் கையில் வாங்கிய விதத்தைப் பார்த்துவிட்டு நாலுமூலை நேராக ஆபீஸுக்கு நடந்தாள். தைரியம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

"சார், அந்தப் பலகைய எடுக்கணும்."

"எடுத்துட்டா? எண்ணாம வேலை எப்படிம்மா நடக்கும்?"

"எண்ணலாம் சார். ஆஸ்பத்திரி சரியில்லன்னு திருப்பி அனுப்புதே, அத எண்ணலாம். ஆளுக்கு ஆள் இல்ல, மொத்தக் கூடத்துக்கும் ஒரே எண். பலகை வந்ததுலேர்ந்து அது ரெண்டு மடங்கு. டிரைவர்கிட்ட கேளுங்க."

என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். திரும்பி வரும் மூட்டைகளைத் தூக்குகிறவன் நான்தானே. ஆமாம் சார், இடுப்பே போச்சு என்றேன். முதலாளி முகத்தைச் சுளித்துக்கொண்டு, மாதக் கடைசி வரை பார்க்கலாம் என்றார். அன்று சாயங்காலமே பலகை போனது. சிவப்புக் கூடைகளைக் குளியலறைப் பக்கம் குப்பை போட வைத்துவிட்டார்கள். கறை கண்டவர் நடந்து போய்க் கேட்க வேண்டும், கேட்டுவிட்டு ஒரு நிமிடம் நிற்கலாம், யாரும் எண்ண மாட்டார்கள் என்றாள். முதல் இரண்டு நாள் தயங்கினார்கள். மூன்றாம் நாள் ஜன்னலோரம் சந்தைக்கடை மாதிரி ஆகிவிட்டது.

அடுத்து என் குட்டு வெளிப்பட்டது. ஒரு மாலை வேனில் பேச்சுவாக்கில், தியேட்டர் நர்ஸம்மா எப்போதும் சொல்வதைச் சொன்னேன். கறை அண்ணன் பார்த்து அனுப்பும் பச்சைத் துணிக்கட்டை இறக்கும்போதெல்லாம் அந்த அம்மா, "உங்க துணிய மட்டும்தான் நான் பிரிச்சுப் பார்க்காம உள்ள அனுப்புவேன்" என்பார்.

"எத்தன வருஷமா இத சொல்றாங்க?"

"ஒரு ஆறேழு வருஷமா..."

"அவர்கிட்ட ஒரு தடவ சொன்னீங்களா?"

"யாரும் கேக்கலையே."

வீடு வரும் வரை நான் வாங்கிக் கட்டிக்கொண்டதை எழுத இடம் போதாது. மறுநாளிலிருந்து டீ நேரத்தில், "டிரைவர், இன்னைக்கு அங்க என்ன சொன்னாங்க?" என்று எல்லோர் முன்னாலும் கேட்பாள். நல்லதோ கெட்டதோ நான் ஒப்பிக்க வேண்டும். ஒருநாள் சொல்ல ஒன்றும் இல்லாமல், பெரிய டாக்டர் துணியைத் தடவிப் பார்த்துக் கண்கலங்கினார் என்று அளந்துவிட்டேன். கறை அண்ணன் டீயை உறிஞ்சிக்கொண்டே, "டாக்டர் துணியப் பார்த்தா ஆபரேஷன யாருப்பா பார்க்கறது?" என்றார். கூடம் கொல்லென்று சிரித்தது. நர்ஸம்மா சொன்னதை மட்டும் என்னைத் தனியாக மூன்று முறை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

திரும்பி வரும் மூட்டைகள் பாதியாகக் குறைந்தன. முதலாளிக்குப் பரம திருப்தி. கறை அண்ணனும் சிரிக்கிறார், கதை விடுகிறார். ஆனால் அந்த விலகல் காகிதத்தை மட்டும் திரும்பக் கேட்கவில்லை. நாலுமூலையை இன்னும் 'மேடம்' என்றுதான் கூப்பிட்டார். ஆபீஸில் அவர் இடத்துக்கு ஒருவரை வந்து பார்க்கச் சொல்லிக் கடிதமே அடித்துவிட்டார்கள்.

கடைசி நாள் காலை. வேனில் ஏறியதும் சொன்னாள், "எல்லாத்தையும் சரி பண்ணிட்டேங்க. ஒண்ணு மட்டும் பண்ணல. அவர் பேர அழிச்சது நான். அது தப்புன்னு அவர்கிட்ட நான் சொல்லவே இல்ல."

"நீ நல்லதுக்குத்தானே செஞ்ச? சூப்பர்வைசர் போய் மன்னிப்பு கேட்டா மரியாதை என்ன ஆகறது?"

"பதினோரு வருஷமா வீட்டுல நீங்க வாரம் ஒரு தடவ கேக்கறீங்க. உங்க மரியாதை குறைஞ்சா போச்சு?"

வண்டியை ஓட்டினேன்.

மாலை நாலு மணிக்கு அவர் பிரஷ்களைக் கழுவி ஒரு துணிப்பையில் வைத்துக்கொண்டிருந்தார். நான் காலித் தள்ளுவண்டியோடு உள்ளே வந்த நேரம். மடிப்பு மேசைகளில் எல்லோரும் வேலை செய்கிற மாதிரி நின்றார்கள், ஒருவர் கையும் ஓடவில்லை. நாலுமூலை அவர் எதிரே போய் நின்றாள். கையில் காகிதம் இல்லை, சான்றிதழ் இல்லை.

"அண்ணே, உங்க பேர பலகையிலேர்ந்து அழிச்சது நான்தான். சிவப்புல பார்க்க எனக்குச் சங்கடமா இருந்துச்சு. என் சங்கடத்தப் பார்த்தேனே தவிர, உங்கள ஒரு வார்த்த கேக்கல. தப்பு என்னோடது. மன்னிச்சுக்கோங்கண்ணே."

அவர் பையின் வாயை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

"கடைசியா இருந்தது எனக்கு வருத்தம் இல்லம்மா" என்றார். "கறைக்காரன் கடைசியாத்தான் இருப்பான். சிவப்பு இங்க்தானே, அது போற கறைதான்னு நெனச்சுக்கிட்டேன். அன்னைக்குக் காலையில வந்து பார்த்தா பேரே இல்ல. மேலேர்ந்து கீழ வரைக்கும் மூணு தடவ படிச்சேன். அன்னைக்கு எல்லாருக்கும் முன்னால வந்தது நீதான்னு தெரிஞ்சதும், நீயேதான் அழிச்சிருக்கன்னு புரிஞ்சுபோச்சு. பதினேழு வருஷம், ஒரு எழுத்துகூட இல்லாம போச்சேன்னு இருந்துச்சு."

அவள் அழுதுவிட்டாள். சூப்பர்வைசர் அழக் கூடாது என்று எந்தப் பயிற்சியாளர் சொன்னாலும் சரி, கூடத்துக்கு நடுவே நின்று மூக்கை உறிஞ்சி அழுதாள். இவ்வளவு நல்லவளைக் கட்டிக்கொண்டேன் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அழிப்பது சரி என்று அன்று சொன்னவன் நானும்தானே என்று அவமானமாகவும் இருந்தது.

கறை அண்ணனுக்கு அழுகிற ஆளை என்ன செய்வதென்று தெரியவில்லை. அக்கம் பக்கம் பார்த்தார். மேசையைப் பார்த்தார். கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"ஏம்பா, நாளைக்கு தியேட்டர் துணி எத்தன மணிக்குக் கொண்டு வர்ற?"

"ஏழரைக்குண்ணே" என்றேன்.

"ஏழரைக்கா? அப்ப நான் ஏழு மணிக்கே வரணும். தொட்டியில தண்ணி பிடிச்சு வைக்கணுமே" என்று சொல்லிக்கொண்டே பிரஷ்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைக்க ஆரம்பித்தார்.